பல் டாக்டரின் இழுப்பறை

இழுப்பறை உள்ளே போனது. ஆனால் கட்டுப்பல் மாதிரி ஆடியது.

பல் டாக்டர் அதை வெளியே இழுத்தாள், மறுபடி தள்ளினாள். இடது பக்கம் தட்டியது. வலது பக்கமும் தட்டியது. பத்து வருஷம் அடுத்தவர் வாய்க்குள் கையை விட்டு வேலை பார்த்தவளுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். எங்கோ ஒரு மில்லிமீட்டர் குறைகிறது.

"மறுபடியுமா டாக்டர்?" என்றார் அடுத்த மேசையில் இருந்த வக்கீல்.

"மறுபடியும்தான். உங்களுது?"

"கடகடன்னு தாளம் போடுது. பாடுறதுக்குத்தான் ஆள் வேணும்."

வெளிநாட்டு மாணவர்களுக்கான அந்த அலமாரிப் பயிற்சி வகுப்பில் பதினாலு பேர். அதற்கு முன்னால் ஒருவரும் உளியைத் தொட்டதில்லை. பல் பார்ப்பவர்களும் வாதாடுபவர்களும் இந்த நாட்டில் வேண்டிய அளவுக்கு இருந்தார்கள். அலமாரி செய்பவர்கள்தான் இல்லை. அதனால் விசா அலமாரிக்குத்தான் கிடைத்தது. ஒருவர் பெயர் இன்னொருவர் வாயில் நுழையாததால், விட்டுவந்த தொழிலையே பெயராக வைத்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

டாக்டர் மேல் வகுப்பில் தனிப் பிரியம் உண்டு. வந்த முதல் வாரம், ஸ்டோரில் கொடுத்த அளவு டேப்புகள் எல்லாவற்றிலும் நுனிக் கொக்கி லொடலொடவென்று ஆடியது. ஆடுவதைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. மதிய இடைவேளையில் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தாள். குறட்டால் ஒரு நெருக்கு, ஒரு சொட்டுப் பசை. பதினாலு கொக்கிகளும் கடைவாய்ப்பல் போல அசையாமல் நின்றன. வக்கீல் தன் டேப்பைப் பார்த்து, "இனிமே ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் கடிக்காதே" என்றார். அன்றுதான் அந்த வகுப்பு முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை தேர்வு.

ஆசிரியர் மேசைகளுக்கு நடுவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அவர் டேப்பைத் தொடவே மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஸ்டீல் ஸ்கேல்தான். டேப் என்பது சோம்பேறிகளின் சாமான் என்பது அவர் கட்சி.

"சார், அளந்துதான் வெட்டினேன். ஆனா ஆடுது. நீங்க ஒரு தடவை அளந்து பாருங்களேன்."

"தேர்வு வேலையில நான் கை வைக்கக் கூடாதும்மா. விதி. மரம் குளிருக்குச் சுருங்கியிருக்கும், பாருங்க."

குளிர் என்று ஒன்று அந்த வாரம் முழுக்க இல்லை.

டாக்டர் மெல்லிய மரச்சீவல் ஒன்றை இழுப்பறையின் பக்கத்தில் ஒட்டினாள். இப்போது அது உள்ளே போக மறுத்தது. தோளால் தள்ளினாள். போனது. ஆனால் திரும்பி வரவில்லை.

"வக்கீல் சார், கொஞ்சம் அலமாரியைப் பிடிச்சுக்கோங்க."

ஒரு காலை அலமாரியில் முட்டுக்கொடுத்து, பழைய அனுபவத்தோடு இடமும் வலமுமாக அசைத்து, ஒரே இழுப்பு. கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

"வேர் உள்ளேயே தங்கிடுச்சு டாக்டர்" என்றார் வக்கீல்.

பின்பலகையைக் கழற்றி இழுப்பறையை எடுத்தாள். ஒட்டிய சீவலை இழைப்புளியால் இழைத்தாள். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கடைசியில் சீவல் முழுவதும் சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது. இழுப்பறை பழையபடி ஆடியது.

வீட்டிலிருந்து கணவன் போன் செய்தான்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"ஒரு மில்லி இடிக்குதுங்க. இடிக்கக்கூட இல்ல, ஆடுது."

"ஒரு மில்லிதானே? பல்லுல ஒரு மில்லி விட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"நாக்குக்குத் தெரியும்."

இந்த மாதத்தோடு விசா முடிகிறது. தேறினால் மூன்று பேருக்கும் நீட்டிப்பார்கள். தேறாவிட்டால் மூன்று பேருக்கும் டிக்கெட். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, நாம திரும்பிப் போனா மீனை விமானத்துல ஏத்துவாங்களா?"

"நாம போகலடி."

"அப்பா தொட்டியை அளந்து பார்த்துட்டு இருக்காரே?"

மறுநாள் காலை ஆய்வாளர் வந்தார். விதிப்படி ஆசிரியர் வெளியே அனுப்பப்பட்டார். ஆய்வாளர் ஒல்லியாக, ரொம்பச் சுத்தமாக இருந்தார்.

"நான் தச்சன் இல்ல. அலமாரி அழகா இருக்கா, அசிங்கமா இருக்கான்னு எனக்குத் தெரியாது. அளக்கிறது மட்டும்தான் என் வேலை. உயரம் எழுநூத்தி இருபது மில்லி வரணும். வந்தா பாஸ்."

வக்கீலின் அலமாரியில் டேப்பைப் பிடித்தார். எழுநூற்றுப் பத்தொன்பது. அடுத்தது. எழுநூற்றுப் பத்தொன்பது. டாக்டருடையது, அதற்கடுத்தது, பதினாலும் எழுநூற்றுப் பத்தொன்பது.

ஆய்வாளர் பேனாவை மூடினார்.

"ஒருத்தர் தப்புப் பண்ணினா அது தப்பு. பதினாலு பேர் ஒரே தப்பைப் பண்ணினா அதுக்குப் பேரு காப்பி. யாரைப் பார்த்து யாரு அடிச்சீங்க?"

டாக்டர் ஒரு மீன்தொட்டியை நினைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் ஆய்வாளர் கையில் தொங்கிய டேப் கண்ணில் பட்டது.

"சார், அதைக் கொஞ்சம் காட்டுங்க."

"எதுக்கு?"

"கொக்கி ஆடுது. எத்தனை நாளா ஆடுது?"

"வாங்கினதிலேர்ந்து அப்படித்தான்."

"இத்தனை நாள் கவனிக்காம விட்டுட்டீங்களே!"

பதினாலு பேரும் தங்கள் டேப்பை நீட்டினார்கள். ஆய்வாளர் ஒவ்வொரு கொக்கியாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. வக்கீல் ரொம்ப நாளைக்குப் பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"ஐயா, ஒரு பக்கம் உறுதியா நிக்கிற பதினாலு சாட்சி. இன்னொரு பக்கம் ஆடிக்கிட்டே இருக்கிற ஒரே ஒரு சாட்சி. நீங்க யாரை நம்புவீங்க?"

ஆய்வாளர் முகம் மாறியது. டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குறடும் கையுமாக அவர் டேப்பை வாங்கினாள். ஒரு நெருக்கு, ஒரு சொட்டு. பசை காயும் வரை ஊதினாள்.

"இப்ப அளங்க."

எழுநூற்று இருபது. எழுநூற்று இருபது. பதினாலும் அச்சில் வார்த்ததுபோல எழுநூற்று இருபது.

ஆய்வாளர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அப்படின்னா, போன மாசம் நான் பெயிலாக்கினவங்க?"

"அவங்களுக்கு ஒரு கடிதம் போட்டுருங்க" என்றாள் டாக்டர் இரக்கத்தோடு.

அவர் பதினாலு தாள்களிலும் கையெழுத்துப் போட்டார். போகும்போது அவளுடைய இழுப்பறையைத் தொட்டுப் பார்த்தார். அது கடகடத்தது.

"ஆடுதே?"

"ஆமா சார்."

"ஆடக் கூடாதுன்னு விதியில எதுவும் இல்ல. அளவு சரியா இருக்கு, போதும்." குடும்ப வைத்தியரிடம் விடைபெறுவதுபோல அவளைக் கும்பிட்டுவிட்டு, மதியத்துக்குள் இன்னும் இரண்டு கல்லூரிகள் பாக்கி என்று கிளம்பினார்.

டாக்டர் வீட்டுக்குப் போன் செய்து, மீன் எங்கேயும் போகவில்லை என்றாள். பிறகு குறடு ஏப்ரனில் தொங்க, பதினாலு டேப்புகளையும் ஒரு டப்பாவில் போட்டு ஸ்டோரில் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போனாள்.

ஸ்டோர்க்காரம்மா முதல் டேப்பை எடுத்துக் கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றாவதோடு நிறுத்திவிட்டு, மூடியைத் தேடி டப்பாவை மூடினாள்.

"எல்லாம் பாழ். இந்தக் கொக்கி, வெளியே மாட்டினாலும் உள்ளே முட்டினாலும் அளவு சரியா வரணும்னு, அதோட தடிமன் அளவுக்கு ஆடுற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க டாக்டரம்மா, இறுக்கினா வெட்டுற பலகை எல்லாம் ஒரு மில்லி குறையும். நல்லவேளை, ஆய்வாளர் கையிலயாவது ஆடுற டேப் இருக்கு, இல்லேன்னா இன்னிக்கு அவர் அளக்கப்போற மத்த கல்லூரியில சரியா செஞ்சவங்களையெல்லாம் யாரு காப்பாத்துவா?"