அழுத மெஷினும் தலையாட்டிய மாமனாரும்

மாப்பிள்ளை அவர்களுக்கு உங்கள் மாமனார் அன்போடும் கொஞ்சம் குழப்பத்தோடும் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அத்தையும் நாய் மொட்டையும் பூனை மேடமும் நலம். நலம் என்பது பழக்க தோஷத்தில் வந்துவிட்டது, தயவுசெய்து திருத்திப் படிக்கவும். அங்கே நீங்களும் என் மகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். நாயும் பூனையும் இங்கே இருக்கின்றனவே.

வேலை மாற்றலில் போனபோது, ஒரு வருடத்துக்கு மட்டும் என்று சொல்லி நீங்கள் விட்டுப்போன அந்த இரண்டு ஜீவன்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாய்க்கு மொட்டை என்று பெயர் வைத்தது யார்? அவன் ஒரு நாளில் உதிர்க்கிற முடியை வைத்து இன்னொரு நாயே செய்துவிடலாம். மேடம் அப்படியில்லை. அவள் உதிர்ப்பதையெல்லாம் என் கறுப்புக் கால்சட்டையில் மட்டும்தான் உதிர்ப்பாள். இதை நான் போனில் ஒரே ஒரு தடவை சொன்னதற்கு, ஒயரே இல்லாத அந்த நீளக் குச்சி வேக்குவம் கிளீனரை அனுப்பி வைத்துவிட்டீர்கள். உங்கள் அன்பு புரிகிறது. மெஷின்தான் புரியவில்லை.

கூட வந்த புத்தகத்தில் படம் மட்டும்தான், எழுத்தே கிடையாது. முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். பிழையே இல்லாத புத்தகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஒரு படத்தில் அம்புக்குறி மேலே போகிறது, அடுத்த படத்தில் அதே அம்புக்குறி மனம் மாறித் திரும்பி வருகிறது. தூசி சேர்கிற டப்பாவை எந்தப் பக்கம் திருகித் திறப்பது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் சார்ஜ் இல்லை என்கிறாள் உங்கள் அத்தை, டப்பா நிரம்பிவிட்டது என்கிறேன் நான். பச்சை எரிந்தால் இருவருக்குமே பயம்.

போன செவ்வாய்க்கிழமை காலையில், அது போடுகிற சத்தம் தாங்காமல், காதில் மாட்டியிருந்த கேட்கும் கருவியைக் கழற்றி சோபாவின் கைப்பிடியில் வைத்துவிட்டு, ஹாலை ஒரு பிடி பிடித்தேன். சோபாவின் மேலே, கீழே, இடுக்கு, மேடம் படுக்கிற மெத்தை, ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டுக் கையை நீட்டினால் கருவியைக் காணோம். என் மகள் ஆசை ஆசையாக வாங்கிக்கொடுத்தது. தொலைத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேடம் எங்கேயாவது உருட்டிக்கொண்டு போயிருப்பாள், தானாகக் கிடைக்கும், அதுவரை யார் எது சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அது மெஷினுக்குள் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை மாப்பிள்ளை. அந்த மாதிரிக் கருவி மூடிய இடத்தில் கிடந்தால் தானாகவே விசில் அடிக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்காது.

அன்று மத்தியானமே மொட்டைக்கு என்னவோ ஆகிவிட்டது. மெஷினைக் கண்டாலே குளியலறைக்குள் ஓடுகிறவன், அதன் எதிரில் போய் உட்கார்ந்துகொண்டு முனகுவதும் பிராண்டுவதுமாக இருந்தான். உங்கள் அத்தையும் மெஷினைக் காட்டி ஏதோ கேட்டாள், நான் தலையாட்டிக்கொண்டே வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் கேட்டது என்ன என்று பிறகுதான் தெரிந்தது.

"ஏங்க, இதுக்குள்ள என்னமோ அழுவுது, கேக்குதா?"

"ஆமா ஆமா."

"அப்ப என்ன பண்ணலாம்?"

"பேஷா பண்ணலாம்."

மறுநாள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஒரு மூடிய கூடையோடு வந்து வாசலில் நின்று நெடுநேரம் பேசினார். நல்ல மனுஷி, இரண்டு தடவை சேர்த்தே தலையாட்டினேன். "தங்கச்சி வீடு வரைக்கும் போறேண்ணே, ஒரு மாசம் பாத்துக்குவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். கூடைக்குள் முயல். முயலுக்கும் முடி உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை மொட்டை மெஷினைக் கீழே தள்ளி, அதன் கழுத்தைக் கடித்து இழுத்தான். எனக்கு வந்ததே கோபம்! காது கேட்காதவன் கத்தினால் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது கத்துகிறவனுக்குத் தெரியாது. தெருவே ஜன்னலைத் திறந்து பார்த்தது. அவனைப் பின்பக்க பால்கனியில் சங்கிலி போட்டுக் கட்டினேன், இனி இந்த வீட்டில் இந்த நாய் இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் அத்தை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த விஷயம் எனக்குச் சனிக்கிழமைதான் தெரியவந்தது.

சனிக்கிழமை சர்வீஸ் ஆள் வந்தார். அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவர் மெஷினில் காதை வைத்தார், அவளும் வைத்தாள், இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் வைத்துவிட்டு, "ஒரு சத்தமும் இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்றேன். அவர் டப்பாவை ஒரே திருகில் திறந்தார். உள்ளேயிருந்து நாலாவது செல்லப்பிராணி ஒன்று பிறந்த மாதிரி ஒரு பெரிய முடி உருண்டை வந்தது. அதைப் பிரித்து, துடைத்து, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். என் காது!

மாட்டிக்கொண்டதும் முதலில் கேட்டது உங்கள் அத்தையின் குரல். "நாலு நாளா எதுக்குங்க சும்மா சும்மா தலையாட்டினீங்க? தொலைஞ்சிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் கடிச்சா முழுங்கிடுவேன்?" இரண்டாவதாகக் கேட்டது பால்கனியிலிருந்து மொட்டையின் முனகல். பால்கனிக்கு ஓடினேன். சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். நாலு நாளாக அவன், இதோ இருக்கிறது, இதோ இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அவனைப் போய்க் கட்டிப்போட்டேனே! அவன் என் காதை மோந்து பார்த்துவிட்டு ஒரு நக்கு நக்கினான். மன்னிப்புக் கேட்டேன், இந்தத் தடவை தெருவுக்குக் கேட்காமல்.

ஆகவே மாப்பிள்ளை, தவறு நாயின் மேல் இல்லை, மெஷினின் மேல்தான். நீங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அதைத் தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். என் மகளுக்கு இந்தக் காது விவகாரம் தெரிய வேண்டாம். நீங்கள் இருவரும் தும்மல், தூசி எதுவும் அண்டாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "மெஷினைத் திருப்பிக் குடுக்கறதா? அது வந்தப்புறம்தான் எனக்கு இடுப்பு வலியே குறைஞ்சிருக்கு. மெஷின் இருக்கட்டும். மொட்டை, மேடம், முயல் எல்லாம் இருக்கட்டும். ஒரு மாசம் கூட்டிட்டுப் போய் வெச்சுக்க வேண்டியது உங்க மாமாவைத்தான்னு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து இறங்குகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எனக்கும் இப்போது முடி கொட்டுகிறது.