அடுப்படிக்குத் தனி லைன்

"உன் தம்பி கை என் கம்ப்யூட்டர் மேல பட்டுச்சுன்னா, அதைத் தூக்கி முல்லையாத்துல போட்டுருவேன், பாத்துக்க!"

வெள்ளிக்கிழமை காலையில், வாயில் அரை இட்லியோடு, கோட்டைச்சாமி வாத்தியார் இந்தச் சபதத்தை எடுத்தார். சபதம் எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். காப்பாற்றுவது யார் பொறுப்பு என்பதில்தான் வீட்டில் எப்போதும் குழப்பம்.

"தாராளமாப் போடுங்க," என்றாள் சந்தனம்மாள், சட்னியை ஊற்றிக்கொண்டே. "மேசை காலியாகும். துவைச்ச துணிய மடிச்சு வைக்க எடம் கெடைக்கும்."

"எவ்வளவு பெரிய விஷயம் பேசிக்கிட்டிருக்கேன்..."

"இன்னொரு இட்லி?"

"வை."

விஷயம் பெரியதுதான். கோட்டைச்சாமி ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவர். அவர் பள்ளியில் இடைத்தேர்வு வினாத்தாள் அதுவரை கையெழுத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. கெமிஸ்ட்ரி வீரபாண்டிக்கு முத்து முத்தான கையெழுத்து. எல்லாருக்கும் அவரே எழுதிக் கொடுப்பார். எழுதிக் கொடுத்துவிட்டு, இலவசமாகக் கண் தானம் செய்தவர் மாதிரி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்பார். அதைப் பொறுக்க முடியாமல் நம்மவர் ஹெச்.எம். முன்னால் மார்தட்டிவிட்டார். "என் பேப்பர் கம்ப்யூட்டர்ல அடிச்சு வரும் சார். நானே அடிப்பேன். திங்கக்கெழமை காலையில உங்க மேசையில இருக்கும்."

வீரபாண்டி பேனா மூடியைத் திருகிக்கொண்டே சிரித்தார். "முடியலைன்னா சொல்லுங்க சார், நான் இருக்கேன்."

அந்தச் சிரிப்பு கெண்டை முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்காத முள்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். தேனியில் மச்சினன் விஜயகுமார் கடை வைத்திருக்கிறான். ஒரு பக்கம் வயரும் சுவிட்சும், மறுபக்கம் கம்ப்யூட்டரும். அவனிடம் வாங்கக் கூடாது என்பதற்காகவே மதுரைக்குப் போய் வாங்கினார் வாத்தியார். மானிட்டரைக் கல்யாணப் பெண் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் குலுங்கும்போதெல்லாம் அதற்கு முட்டுக்கொடுத்தபடி வந்து சேர்ந்தார். "மாமாவ ஒரு யூ.பி.எஸ்.ஸாவது வாங்கிக்கிடச் சொல்லுக்கா" என்று மச்சினன் சொல்லியனுப்பியதற்கு, "கரண்டப் பத்தி எனக்கே பாடமா?" என்று பதில் போனது.

அப்பேர்ப்பட்ட கம்ப்யூட்டர்தான் இப்போது, விருந்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போகும் சம்பந்தியைப் போல, சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல் தானே எழுந்து, முதலிலிருந்து சாப்பாடு போடு என்று உட்காருகிறது.

அடித்ததை அவ்வப்போது சேவ் பண்ணிவிட்டால் போச்சு என்பீர்கள். சந்தனம்மாளும் அதைத்தான் சொன்னாள்.

"பாதிப் பேப்பரத் திருத்திட்டுக் கையெழுத்துப் போடுவனா நான்? முழுசா முடிச்சுட்டுத்தான் சேவ். அதுதான் ஒழுக்கம்."

அந்த ஒழுக்கத்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முதல் கேள்வியை மட்டும் மனப்பாடமாகும் அளவுக்கு அடித்திருந்தார்.

ஆடி மாதம். கம்பம் கணவாய் வழியாக வந்த காற்று தென்னையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அடுப்படியில் கிரைண்டர் கடகடவென்று சுழல ஆரம்பித்தது. ஹால் பல்பு ஒரு கும்பிடு போட்டது. கம்ப்யூட்டர் போய்விட்டது.

"காத்து!" என்று வாத்தியார் தீர்ப்பு எழுதினார். "ஆடிக் காத்துல லைன் ஆடுது. வோல்டேஜ் சரியில்ல."

பக்கத்து வீட்டு அம்சத் பீவி, கொடியில் போட்ட துணி காற்றோடு போகாமல் இருக்க கிளிப்பை அழுத்திக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "எங்க வீட்ல கரண்டு குத்துக்கல்லாட்டம் நிக்குதே அண்ணே. அதே கரண்டுக் கம்பம், அதே காத்து."

"ஒங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் திசை வேற."

"ஒரே சுவருதான அண்ணே நடுவுல?"

"உனக்கு அது புரியாதும்மா. அது வெக்டர்."

அம்சத் பீவி சந்தனம்மாளைப் பார்த்தாள். சந்தனம்மாள் வானத்தைப் பார்த்தாள். அடுப்படியில் உளுந்து நல்லபடியாக அரைபட்டது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். வீடு கட்டியபோது வயரிங் செய்ய வந்த சங்கிலி, "அடுப்படிக்குத் தனி லைன் போட்டுருவோம் சார்" என்று சொன்னான். வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. பூசாத சுவரில் சாக்பீஸால் படம் வரைந்து, ஓம் விதியை அவனுக்கு நடத்தி, அனுப்பியும்விட்டார். பிறகு அவரே ஏணியில் ஏறி, ஒரே மெல்லிசு வயரில் ஹாலையும் அடுப்படியையும் ரூமையும் மோட்டாரையும் மாலை கோத்த மாதிரி கோத்துவிட்டார். அன்று முதல் கிரைண்டர் ஓடினால் பல்பு தலை குனியும். வருஷம் தவறாமல் சந்தனம்மாள் கேட்பாள்: "அடுப்படிக்குத் தனி லைன் போடுங்களேன்." வருஷம் தவறாமல் அவர் சொல்வார்: "என் கணக்கு தப்பாது."

சனிக்கிழமை கம்ப்யூட்டருக்கு ஆபரேஷன். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடித்தார். தூசி முழுவதும் கிளம்பி அவர் மீசையில் குடியேறியது. மெமரி அட்டையைப் பிடுங்கி, பையன்களிடம் பறிமுதல் செய்த ரப்பரால் அழி அழியென்று அழித்து, மறுபடி சொருகினார்.

"ஏய், அந்தக் கிரைண்டரக் கொஞ்சம் நிப்பாட்டு! மண்டைக்குள்ள ஓடுற மாதிரி இருக்கு."

"சரிங்க."

கிரைண்டர் நின்றது. கம்ப்யூட்டர் எழுந்தது. நின்று நிதானமாக ஓடியது.

"பாத்தியா! ரப்பர்! எல்லாம் மெமரில இருந்த அழுக்கு! உன் தம்பி இதுக்கு ஆயிரம் ரூவா புடுங்கியிருப்பான்!"

"அப்பிடியா? ரொம்ப சந்தோஷங்க," என்றபடி சந்தனம்மாள் மிக்ஸியில் தேங்காயைப் போட்டு ஒரு திருகு திருகினாள்.

சம்பந்தி எழுந்து போய்விட்டார்.

வாத்தியார் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு பூஜை அலமாரிக்குப் போய் விபூதி எடுத்து வந்து, மானிட்டர் நெற்றியில் பட்டையாகப் பூசினார். ஓம் விதியைக் கைவிட்டுத் தலைவிதியைப் பிடித்த நேரம் அது. வீரபாண்டியின் பேனா மூடி கண்ணுக்குள் திருகிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தாவது கேள்வி வரைக்கும் வந்துவிட்டார். கேள்வி இதுதான்: 'ஒரு மின்சுற்றில் மோட்டார் இயங்கத் தொடங்கும்போது, அதே சுற்றில் உள்ள விளக்கு மங்குவது ஏன்? விளக்குக.'

கேள்விக்குறியைத் தட்டினார். அடுப்படியில் கிரைண்டர் தொடங்கியது. பல்பு கும்பிட்டது. திரை கறுத்தது.

வாத்தியார் பல்பைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். கறுத்த திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்தார். இருபது வருஷமாகப் பையன்களுக்கு நடத்திய பாடம், அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்! கிரைண்டர்! உன் கிரைண்டர்தான்!"

"அடப் பாவமே. அப்பிடியா?" என்றாள் சந்தனம்மாள். "அப்ப வயரிங்..."

"வயரிங்குல ஒரு குத்தமுமில்ல! திங்கக்கெழமை வரைக்கும் கிரைண்டர் கூடாது. மிக்ஸி கூடாது. இது என் உத்தரவு."

"சரிங்க."

இப்படி இரண்டு முறை 'சரிங்க' சொல்லும் பெண்டாட்டியைக் கண்டால் புத்தியுள்ள ஆண்பிள்ளை அன்றைக்கே சரணடைந்துவிடுவான். வாத்தியார் அந்தப் பாடத்தை எடுத்தவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டில் உப்புமா வந்தது. பக்கத்தில் சட்னி இல்லை. ஊறுகாய் இருந்தது.

"சட்னி?"

"மிக்ஸி கூடாதுன்னீகல்ல."

விழுங்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார். இரண்டாவது கேள்வியில் கம்ப்யூட்டர் போனது.

"இப்ப என்ன ஓடுது?"

"தண்ணி மோட்டாருங்க. டேங்க் காலி. நீங்க கிரைண்டரும் மிக்ஸியுந்தான சொன்னீக."

"மோட்டாரும் கூடாது!"

"சரிங்க. அப்ப குளிக்கிறது?"

"ஒரு நாள் குளிக்காட்டி ஒண்ணும் செத்துப் போயிற மாட்டோம்!"

மூன்றாவது கேள்வியில் ஃப்ரிட்ஜ் ஒரு உறுமு உறுமியது. போச்சு. ஃப்ரிட்ஜ் பிளக்கை அவரே பிடுங்கினார். மத்தியானத்துக்கென்று மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்த அயிரை மீனும் காலையில் வாங்கிய பாலும் ஒரே மனதாகக் கெட்டுப்போயின. மீனில்லாத மத்தியானச் சோறு. மூன்று மணிக்குப் பாலில்லாத காபி. சந்தேகத்துக்கு ஃபேனையும் நிறுத்திக்கொண்டார். வெளியே ஊரைத் தூக்கிக்கொண்டு போகும் காற்று, ஜன்னலைத் திறந்தால் தாள் பறக்கிறது, பூட்டிக்கொண்டார். குளிக்காத உடம்போடு, வேர்வை சொட்ட, இருட்டறையில் வெறும் பனியனோடு உட்கார்ந்து அடித்தார். கம்ப்யூட்டர் ஒன்று ஓடுவதற்காக வீடே நின்றுபோயிருந்தது.

அம்சத் பீவி வாசலில் நின்று மெல்ல விசாரிப்பது கேட்டது. "என்னத்தா சந்தனம், வீட்ல ஒரு சத்தத்தையும் காணோம். ஒடம்புக்கு முடியலையா அண்ணனுக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. அவுக கேள்வி கேட்டுக்கிட்டிருக்காக."

கடைசிக் கேள்வி. கடைசி வரி. இன்னும் இரண்டே வார்த்தை. வாத்தியாருக்கு அழுகை வரும் போலிருந்தது. வீரபாண்டி, இதோ வர்றேன்டா!

திரை கறுத்தது.

கத்தத் தெம்பில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். சந்தனம்மாள் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தாள். மேசையில் அவருடைய வெள்ளைச் சட்டை மொரமொரவென்று படுத்திருந்தது.

"நாளைக்குப் பேப்பரக் கொண்டுபோயி ஹெச்.எம். மேசையில வைக்கணுமில்ல? கசங்குன சட்டையோடயா போவீக?" என்றாள் அவள், உலகத்து அக்கறையெல்லாம் ஒரே குரலில்.

வாத்தியார் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஏ, சந்தனம்."

"சொல்லுங்க."

"உன் தம்பிய..."

"எந்தத் தம்பிங்க?"

"உனக்கு எத்தன தம்பி இருக்கான்? விஜயகுமாரக் கூப்பிடு."

"அவன் கை பட்டா ஆத்துல போட்டுருவேன்னீகளே."

"கம்ப்யூட்டர் மேலதான படக்கூடாதுன்னேன். வயர் மேல படட்டும்."

அவள் கொஞ்சம் யோசிப்பது போல நின்றாள். "வந்தா, போர்டு எங்கன வைக்கணும்னு நான்தான் சொல்வேன். நடுவுல நீங்க சாக்பீஸ எடுக்கப்படாது."

"எங்கன வேணாலும் வச்சுத் தொல. எனக்கு ஒரு வாய் காபி குடு."

தேனியிலிருந்து வர வேண்டிய மச்சினன், அம்சத் பீவி வீட்டு வாசலிலிருந்து வந்தான். டீ குடித்த ஈரம் இன்னும் மீசையில் இருந்தது. தோளில் தடிமனான வயர்ச் சுருள். கையில் புது சுவிட்ச் போர்டு, அளவெடுத்து வெட்டிய குழாய். வயர் எவ்வளவு வேண்டுமென்று அவன் யாரிடமும் கேட்கவில்லை.

"மாமா நல்லா இருக்கீகளா? எளச்சுட்டீகளே."

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடுப்படிக்கு ஒரு லைன், கம்ப்யூட்டர் ரூமுக்கு ஒரு லைன் என்று அவன் இழுத்து முடித்தபோது இருட்டியிருந்தது. கிரைண்டரும் மிக்ஸியும் மோட்டாரும் ஃப்ரிட்ஜும் ஒன்றாக ஓடின. பல்பு எவனுக்கும் கும்பிடு போடாமல் நிமிர்ந்து நின்றது. வாத்தியார் உட்கார்ந்தார், அடித்தார், முதல் வேலையாக, ஒழுக்கத்தை மறந்து, கேள்விக்குக் கேள்வி சேவ் பண்ணினார், பிரிண்ட் எடுத்தார்.

திங்கட்கிழமை. ஹெச்.எம். தாளைத் தடவிப் பார்த்து, "பலே சார்!" என்றார். வீரபாண்டி பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். முள் இறங்கியது.

சாயங்காலம் வெற்றி வீரராக வீட்டுக்கு வந்த வாத்தியார், கைலி கட்டிக்கொண்டு, முறுக்குத் தட்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சீட்டாட்டம். கட்டு கட்டாக அடுக்கி, ஜெயிக்க இன்னும் ஒரே சீட்டு.

"ஏங்க," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "கடைக்குப் போயி கறிவேப்பில வாங்கிட்டு வர்றீகளா?"

"இரு, இரு. இந்தா முடிஞ்சுருச்சு."

"தாளிக்கணும்ங்க."

"இருன்னா இருக்க மாட்டியா நீ?"

அடுப்படியில் டக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

திரை கறுத்தது. ராஜாவும் ராணியும் ஒரே அடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். வாத்தியார் பதறி எழுந்தார். ஹால் பல்பு எரிகிறது. ஹால் ஃபேன் சுற்றுகிறது. அடுப்படியில் கிரைண்டர் ராஜநடையாகச் சுழல்கிறது.

"ஏய்! கரண்டு போச்சா?"

"இல்லையே. கிரைண்டர் ஓடுது பாருங்க."

அடுப்படி வாசலுக்குப் போனார். உப்பு ஜாடிக்கு மேலே, அவள் கை எட்டும் உயரத்தில், புத்தம் புது போர்டு. இரண்டு சுவிட்ச். ஒன்று அடுப்படிக்கு. இன்னொன்றின் மேலேதான் அவளுடைய விரல் இருந்தது.

சந்தனம்மாள் இன்னொரு கையால் மஞ்சப்பையை எடுத்து நீட்டினாள்.

"கறிவேப்பில வந்தா, கரண்டும் வரும்ங்க."