சைபுல் ரொட்டி வீசப் பழகினார்

இனி எந்த ரொட்டி மாஸ்டர் காலிலும் விழுவதில்லை என்று சைபுல் சபதம் எடுத்தார். திகாம் பத்து ஊரில் அவருடைய கடைக்குக் கூட்டம் வருவதே, மாவை வீசி மெல்லிசாக்கிச் சுடும் ரொட்டி சானாய்க்காக. மாஸ்டர் அமிருல் லீவு போட்டால் ரொட்டிக் கல் ஆறிவிடும், கல்லா காய்ந்துவிடும்.

"நானே ரொட்டி வீசிப் பழகிடுறேன்."

மனைவி சாஃபியா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "வேணாங்க. நாற்காலியிலயே வளர்ந்த உடம்பு. உங்களால முடியாது லா."

அந்த ஒரு சொல் போதாதா?

தினமும் மத்தியானம் கூட்டம் கலைந்ததும் பின்கட்டில் பயிற்சி. முதலில் ஈரத் துணியை வீசினார். அப்புறம் மாவு. ஒன்று கிழிந்தது. இன்னொன்று மின்விசிறியில் ஏறி ஊர்வலம் போனது. தோள் வீங்கி, சட்டை மாட்டக்கூட சாஃபியா கை கொடுக்க வேண்டியிருந்தது.

"விட்டுடுங்களேன்."

"விட மாட்டேன்."

"அப்ப நாளைக்கு இன்னும் கொஞ்சம் மாவு பிசையவா?"

"பிசை."

மாதங்கள் போயின. மாவு எங்கே மெலிகிறது என்று கண் பார்ப்பதற்கு முன்பே விரல் சொல்லத் தொடங்கியது.

ஒரு சனிக்கிழமை காலை. கடை நிறைய ஆள். அமிருலைக் காணோம், போனும் எடுக்கவில்லை.

"ரொட்டி வருமா, வராதாண்ணே?" ஒருவர் மேசையைத் தட்டினார்.

சைபுல் கல்லாவை விட்டு எழுந்தார். கல்லருகே போய் மாவு உருண்டை ஒன்றை எடுத்தார். கடையே அவர் கையைப் பார்த்தது. ஒரு வீச்சு. இரண்டாவது வீச்சில் ஓரம் கிழியப் பார்த்தது. மூச்சை அடக்கி, மணிக்கட்டைத் திருப்பி, மடித்துக் கல்லில் போட்டார். கேட்டவர் பிய்த்து வாயில் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"இன்னும் ரெண்டு போடுங்கண்ணே."

அப்புறம் கை ஓயவில்லை. கூட்டம் சற்றுக் குறைந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்கு நடந்தார். அவர் நாற்காலியில் சாஃபியா. கல்லாச் சாவி அவள் முந்தானையில்.

"எந்திரி. கொஞ்சம் உட்காரணும்."

"மூணாம் மேசையில முட்டை ரொட்டி கேக்குறாங்க."

"நாளைக்காவது அமிருல் வருவான்ல?"

"வர மாட்டான். அலோர் ஸ்டார்ல நம்ம புதுக் கடையில இருக்கான். இன்னிக்குத்தான் திறப்பு."

"புதுக் கடையா? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"உங்களுக்குக் கை பழகட்டும்னுதான் திறப்பையே தள்ளித் தள்ளி வச்சேன். போங்க மாஸ்டர், கஸ்டமர் காத்திருக்காங்க."