பூ வைக்கிற நேரத்தில் ஒரு வினைச்சொல்

ஆங்கில ஆசிரியர் காதில் ஒரு ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டு யாரும் லேசில் தப்பித்ததில்லை. ராஜபாளையத்தில் பாடம் நடத்தும் எனக்கு அப்போது இந்த வியாதி முற்றியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்கப் போன அன்றும் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் அம்மா பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. எனக்குப் பெண்ணைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. (அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் கருத்து தெரியவில்லை.) அம்மா பூவைக் கையில் எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா, "எம்பொண்ணு எங்க போனாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவா" என்றார்.

விட்டேனா நான்?

"மாமா, அந்தச் சொல்லு எங்க பொறந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். லத்தீனில் பிறந்து, பிரெஞ்சில் வளர்ந்து, ஆங்கிலத்துக்கு வந்தது. 'பக்கத்தில் கொண்டுவருவது' என்பதுதான் அதன் பழைய பொருள். வெளிநாட்டில் நாற்காலியையும் மூக்குக்கண்ணாடியையும் சரிசெய்ய அதைச் சொல்வார்கள். நாமோ மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளை உட்காரவைப்பதற்கும், மாமியாரைச் சமாளிப்பதற்கும் அதையே வைத்திருக்கிறோம் என்று விளாசித் தள்ளினேன்.

மாப்பிள்ளை பேசும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லையாம். எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா கண்ணை உருட்டினாள். பெருமையில் உருட்டுகிறாள் என்று நினைத்து, இன்னும் இரண்டு உதாரணம் சேர்த்தேன்.

முடித்தபோது பெண்ணின் சித்தப்பா கடிகாரத்தைக் காட்டி, "ராகு காலம் பொறந்துருச்சே" என்றார்.

"சரி, இன்னொரு நாள் பாப்போம்" என்றார் பெண்ணின் அப்பா. எங்கள் பக்கம் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம்.

"ஏலே, ஒன் வாயால கெட்டியேலே!" என்று அம்மா முணுமுணுத்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"எதுக்குப்பா இன்னொரு நாள்? ஆறு மணிக்கு ராகு காலம் முடிஞ்சிரும்லா? அம்புட்டு நேரமும் அவிய வாயத் தொறக்காம இருந்தா, எனக்குச் சம்மதம்."

இருந்தேன். சித்தப்பா வேண்டுமென்றே 'டென்ஷன்', 'கன்ஃபர்ம்' என்று ஒவ்வொன்றாக எடுத்து வீசினார். வியர்த்துக் கொட்டியதே தவிர, நான் மூச்சு விடவில்லை. ஆறு அடித்ததும் அம்மா பாய்ந்து போய்ப் பூ வைத்தாள்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்த நல்ல காரியம் என்றாலும், நேரம் நெருங்கும்போது என் வாயில் ஒரு பெரிய கரண்டி பால்கோவாவைத் திணித்துவிடுகிறார்கள். அது தொண்டையில் இறங்குவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

கரண்டியைப் பிடித்திருப்பது என் மனைவிதான்.