மாப்பிள்ளை வரைகிற ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜன்னல்

ஆரணி

அன்புள்ள மாப்பிள்ளை கமலக்கண்ணனுக்கு, மாமனார் முருகேசன் எழுதுவது. நீங்களும் மகள் சூர்யகலாவும் சுகமாயிருக்க வேண்டும். மாலை வகுப்பில் கற்ற எழுத்தில் நானே எழுதும் முதல் கடிதம் இது. கை வலிக்கிறது, மனம் குதிக்கிறது. பிழை இருந்தால் மகளிடம் சொல்ல வேண்டாம்.

போளூரில் கட்டப்போகும் ஆஸ்பத்திரிக்குப் படம் வரைவதாகவும், எல்லாமே தனி அறைகள் என்றும் சொன்னீர்கள். அந்தப் படத்தைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். உங்கள் மாமியாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனதும், நீங்கள் சொன்னபடி தனி அறைதான் எடுத்தோம். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் இருட்டு, புழுக்கம். தறி வீட்டில் காற்றடித்தால் பாவு இழை அறுந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்தியே வைப்போம். அது நூலுக்குச் சரி, நோயாளிக்குச் சரியா? அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான், கஞ்சியும் தொடவில்லை, நடக்காவிட்டால் படுத்த படுக்கையாகிவிடும் என்று டாக்டர் சொல்லியும் அசையவில்லை. நர்ஸ் புஷ்பலதா, "இன்னா தாத்தா, ரூமு இப்டி இருட்டிகினு கீது?" என்றாள். "கட்டினவனைக் கேளும்மா" என்றேன். கடைசியில் இவளே, "என்னைப் பொம்பளைங்க வார்டுல போடச் சொல்லுய்யா" என்று அழுதாள்.

போட்டார்கள். பெரிய ஜன்னல், காற்று, தெருவில் விசைத்தறி ஓடும் சத்தம், பக்கத்துக் கட்டிலில் ஊர்க்கதை பேசும் சேத்துப்பட்டு பச்சையம்மாள். ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. மறுநாள் காலை வெளியே நின்றிருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு முகம். "யோவ், இட்லி வாங்கியாந்தியா?"

என் கண்ணில் நீர் வந்துவிட்டது, மாப்பிள்ளை. டாக்டர் நடக்கச் சொல்வார். எதை நோக்கி நடப்பது? அவள் ஜன்னலை நோக்கி நடந்தாள். அதனால் அறையை விடுங்கள், வார்டு கட்டுங்கள்.

உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
முருகேசன்

பி.கு.: கடிதத்தை ஜன்னலுக்கு வெளியே நின்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். தையல் பிரியுமளவு சிரித்துவிட்டு, "அந்த ரூம்லயும் ஜன்னல் கீதுய்யா! போன ஒடனே நீதானே சாத்தி, திரைய இழுத்துவுட்ட. நர்ஸு தொறக்க தொறக்க சாத்திகினே இருந்த. இங்க உன்னை உள்ள வுட மாட்டாங்க, அதான் தொறந்துகினு கீது" என்கிறாள். எனவே படத்தைக் கிழிக்க வேண்டாம். ஜன்னல் தாழ்ப்பாளை மட்டும் படுத்திருப்பவர் கைக்கு எட்டும்படி வையுங்கள். ஜன்னலுக்கு வெளியே எனக்கு ஒரு பெஞ்சு.