டிரைவருக்கு நான் கொடுத்த பில்

மேனேஜ்மென்ட் படிக்கிற பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தேத்தண்ணி ஊற்ற முடியாது. கேத்தலை எங்கே வைத்தால் நேரம் மிச்சம், கப்பை எந்தப் பக்கம் அடுக்க வேண்டும் என்று வகுப்பு ஆரம்பித்துவிடும். நான் அப்படிப்பட்ட பிள்ளைதான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையிலிருந்து பல்கலைக்கழகக் கெம்பஸுக்குப் போன முதல் ஆள் என்பதால் யாரும் என் வாயை அடைக்கவும் இல்லை. (அடைத்திருந்தால் சித்தப்பா தப்பித்திருப்பார்.)

மூன்றாம் வருடத்தில், கொழும்பில் ஓர் ஆலோசனை நிறுவனம் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பதாகத் தெரிந்தது. கம்பெனி கம்பெனியாகப் போய், "வியாபாரத்தை இப்படி நடத்துங்கள்" என்று புத்தி சொல்லிச் சம்பளம் வாங்குகிற வேலை. வீட்டில் சும்மாவே செய்துகொண்டிருந்த வேலைக்குச் சம்பளமா! எங்கள் பீடத்திலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள். ஏதாவது ஒரு சின்னக் கடையைச் சீர்திருத்தி, என்ன நடந்தது என்று நேர்முகத் தேர்வில் வந்து சொல்ல வேண்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் தோட்டத்தில் தலைகாட்ட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, கினிகத்தேனையில் ரோட்டோரமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ்கள் அங்கே நிற்கும். சனம் இறங்கி வடை, தேத்தண்ணி என்று மொய்க்கும். கறுப்புக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு (கூட்டாளியிடம் இரவல், இன்னொரு ஆள் உள்ளே வரலாம்) கடை மூலையில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தேன். சீக்கிரமே பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தேன். பஸ்ஸை நிறுத்துகிற டிரைவரும் கண்டக்டரும் உள்மேசையில் உட்கார்ந்து, சோறு, மீன் பொரியல் என்று வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, காசு கொடுக்காமல் போனார்கள்.

அது வழக்கம் என்று இந்த ரோட்டில் பஸ் ஏறிய பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கோட்டைப் போட்டதும் மறந்துவிட்டது.

"சித்தப்பா, இது வருமானக் கசிவு."

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "கசிவாம்மா?"

"பின்ன? எல்லாரும் காசு குடுக்குறாங்க. இவங்க மட்டும் என்னா, வீட்டு மாப்பிள்ளைங்களா?"

சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னாங்க, இதெல்லாம் சரி வருமா?"

"நீ சும்மா இரு. கெம்பஸ் புள்ள சொல்லுது," என்றார் சித்தப்பா.

சனிக்கிழமை மத்தியானம் செல்வராஜ் அண்ணனின் பஸ் வந்தது. அந்த ரோட்டில் டிரைவர்மார் எல்லாருக்கும் அவர்தான் மூத்தவர். அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும், கொழும்பு ஹோட்டல் பாணியில் ஒரு தட்டில் பில்லை வைத்து நீட்டினேன்.

"இனிமே இப்படித்தாங்கண்ணே. புது சிஸ்டம்."

சித்தப்பா அந்த நேரம் பார்த்து விறகு எடுக்கப் பின்பக்கம் போய்விட்டார். (கடையில் இருப்பது காஸ் அடுப்பு.)

செல்வராஜ் அண்ணன் பில்லைப் பார்த்தார். என் கோட்டைப் பார்த்தார். காசை வைத்துவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறி, ஹோனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. "நகின்ட, நகின்ட! ஏறுங்க, ஏறுங்க!" என்று கண்டக்டர் கத்தினார். சனம் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, வாயில் வடையோடு ஓடியது. பாதிப் பேர் காசு கொடுக்கவில்லை. "வடக் காசு! வடக் காசு!" என்று கத்திக்கொண்டு நான் பஸ்ஸின் பின்னால் ஓடினேன், கோட்டோடு.

அடுத்த பஸ் நிற்கவில்லை. அதற்கடுத்தது எதிர்க் கடையில் நின்றது. பொழுது சாயும்வரை எல்லாப் பஸ்ஸும் அங்கேதான். எதிர்க் கடைக்காரர் என்னைப் பார்த்துக் கைகாட்டிச் சிரித்தார். (ஆலோசனையால் பலனடைந்தவர் அவர் ஒருவர்தான்.) சித்தி சுட்ட வடை தட்டுத்தட்டாகக் கிடந்தது. சித்தப்பாவோ, "பரவால்லம்மா, நீ சொன்னது சரிதான். பஸ்காரங்களுக்குத்தான் வெளங்கல," என்றார். அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் (எதிர்க் கடை வாசலில் ஏறித்தான்) ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர்மார் நடுவில் செல்வராஜ் அண்ணன் நின்றார்.

"என்னா புள்ள, குடிச்ச தண்ணிக்கும் பில் கொண்டாந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அண்ணே, அது முழுக்க என் வேலைங்க. சித்தப்பா மேல ஒண்ணுமில்ல. கோவத்த எங்கிட்ட காட்டுங்க, கடையில பஸ்ஸ நிப்பாட்டுங்க."

"காசா புள்ள பெருசு? அத்தன சனத்துக்கு முன்னால, திண்டுட்டு ஓடப்போறவன் மாதிரி ஆக்கிட்டியே."

"மன்னிச்சிருங்கண்ணே," என்றேன். அவர் தன் பஸ் கதவைக் காட்டி, "ஏறு," என்றார்.

ஏறியவள் சும்மா வந்தேனா? "எங்க கடையில உங்களுக்கு என்னாண்ணே கஷ்டம்?" என்று கேட்டேன். சனம் தேத்தண்ணிக்குக் காத்துக் கிடப்பதால் பஸ் பிந்துகிறது, டைம் கீப்பர் ஏசுகிறார் என்றார். உடனே நானே சீட் சீட்டாகப் போய் யார் யாருக்கு வெறும் தேத்தண்ணி, யார் யாருக்குப் பால் டீ என்று கேட்டு, சித்திக்குப் போன் அடித்தேன். பஸ் போய் நின்றபோது எல்லாம் ஊற்றி ஆவி பறக்க வரிசையாக இருந்தது. உள்மேசையில் செல்வராஜ் அண்ணனுக்கு ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் நானே பரிமாறினேன், பில் இல்லாமல். பொழுது சாய்வதற்குள் மற்றப் பஸ்களும் எங்கள் கடைக்கே திரும்பிவிட்டன.

நேர்முகத் தேர்வுக்கு வந்த மற்றவர்களின் விற்பனை வரைபடங்கள் எல்லாம் மேலேயே ஏறின. என்னுடையது தொபுக்கடீர் என்று விழுந்து, பிறகு முன்னைவிட மேலே ஏறியது.

"நடுவில் இந்தப் பள்ளம் என்ன?" என்று கேட்டார் தேர்வு செய்ய வந்த அம்மையார்.

"அது நான்தான் மிஸ்."

முழுக் கதையையும் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பள்ளத்தைக் காட்டிய ஆள் இன்றைக்கு நீங்கள் மட்டும்தான்," என்றார். இடம் எனக்கே கிடைத்தது. எனக்குப் பெருமைதான், அதை எதற்கு மறைக்க வேண்டும்? பஸ்ஸிலிருந்தே போன் போட்டுத் தேத்தண்ணி சொல்வது இன்றைக்கும் அந்தக் கடையில் நடக்கிறது. நானும் அதே நிறுவனத்தில்தான் வேலை செய்கிறேன்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் சித்தப்பா என்னைக் கடை வாசலில் நிறுத்தி, பஸ்ஸிலிருந்து இறங்குகிற சனத்துக்கெல்லாம் அறிமுகப்படுத்துவார்:

"எங்க அண்ணன் மக. நம்ம கடைய ஒரே நாள்ல காலி பண்ணுன புள்ள. இப்ப கொழும்புல பெரிய பெரிய கம்பெனிக்காரங்க சம்பளம் குடுத்துக் கூப்புட்டுக்கிறாங்க!"