இருபத்தேழாவது கோபுரத்திலிருந்து ஒரு மறுப்பு

ம்பிகா,
ஜூலை 23.

'வடக்குத் தூதன்' வார இதழின் ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய எலியாசர் சகாலா அவர்களின் சமூகத்துக்கு, கைபேசிக் கோபுர மராமத்துப் பணியாளன் கசோன்டே சிபுயே வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

இங்கே நான் நலம், என் வலது முழங்கால் நலமில்லை. அங்கே கசாமாவில் தாங்களும் தங்கள் இல்லத்தாரும் இந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும்; குறைந்தது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது இருக்க வேண்டும். தாங்கள் ங்கோனி இனம், நான் பெம்பா இனம். நம் பாட்டன்மார் ஈட்டியால் குத்திக்கொண்டு ஓய்ந்த பிறகு நமக்கென்று விட்டுப்போன கேலி முறைப்படி, நான் என்ன சொன்னாலும் தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எலி தின்னும் கூட்டத்தில் பிறந்தவருக்கு வீடியோ கேமைப் பற்றி எழுத யார் உத்தரவு கொடுத்தது?

தங்கள் கட்டுரையை நான் காசு கொடுத்து வாங்கிப் படிக்கவில்லை. போன திங்கட்கிழமை காலை, கபாம்பா குன்றின் மேல் இருக்கும் எங்கள் இருபத்தேழாம் எண் கோபுரம் செத்துவிட்டது என்று தகவல் வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போகிற வழியில் விதும்புவா வாங்கினேன். அந்தப் பொரித்த உருண்டைகளைச் சுற்றிக் கொடுத்த தாளில் தாங்கள் இருந்தீர்கள். கோபுரத்தடியில் உட்கார்ந்து தின்றுகொண்டே எண்ணெய் ஊறாத வரிகளையெல்லாம் படித்தேன். திறந்த உலக விளையாட்டுகள் முதல் பத்து மணி நேரம் சொர்க்கமாம், அப்புறம் அலுவலகமாம். கோபுரத்தில் ஏறினால் வரைபடம் திறக்கும், கொள்ளைக்காரர் மூன்று பேரை அடித்தால் பெட்டி திறக்கும், பிறகு அடுத்த கோபுரம், அங்கேயும் மூன்று பேர், அங்கேயும் பெட்டி. "இருபதாவது கோபுரத்தில் ஏறும்போது ஆட்டக்காரன் வீரன் அல்லன், சம்பளம் வாங்காத மராமத்து ஆள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டிருந்தால் எனக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காது. ஐயா, நான் சம்பளம் வாங்கும் மராமத்து ஆள்.

என் பொறுப்பில் நாற்பத்தொரு கோபுரங்கள். எல்லாக் கோபுரத்திலும் துருப்பிடித்த பூட்டு, எல்லாக் கோபுரத்திலும் டீசல் அளவு குச்சி, எல்லாக் கோபுரத்திலும் தேனீ, எல்லாக் கோபுரத்திலும் வேலிக்குள்ளே யாரோ கட்டிவைத்த மூன்று ஆடுகள். மின்வெட்டு இல்லாத நேரமாகப் பார்த்து நான் வீட்டில் ஆடும் கேமில் இருபத்துநான்கு கோபுரங்கள், பத்தொன்பதில் ஏறிவிட்டேன். பகலெல்லாம் கோபுரம் ஏறிவிட்டு வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு மறுபடியும் கோபுரம் ஏறுகிறேன் என்பது தாங்கள் சொல்லும் வரை எனக்கு உறைக்கவே இல்லை. ஐந்து வருஷமாக உறைக்கவில்லை. உறைத்தவுடன் ஆத்திரம் வந்தது. விதும்புவா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, போனிலேயே என் மேலதிகாரி திருமதி முபிதாவுக்கு ராஜினாமாக் கடிதத்தை அனுப்பினேன். எழுத அதிக நேரம் ஆகவில்லை. அனுப்பினேன் என்றா சொன்னேன்? அனுப்பும் பொத்தானை அழுத்தினேன் என்பதுதான் சரி. கோபுரம் செத்துக் கிடக்கும்போது கடிதம் எப்படிப் போகும்? உயிர் வந்ததும் போகட்டும் என்று போன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

ஏறும்போது நான் சட்டைப் பையில் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. ஏற்கெனவே ஒரு போன் நாற்பத்தைந்து மீட்டர் கீழே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதனால் காவலாளி ஜெரேயின் முக்காலியில் போனை வைத்தேன். இந்த ஜெரேயும் உங்கள் ஆள்தான், சிபாட்டாப் பக்கத்து ங்கோனி, இங்கே பெண் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். நான் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று கேட்டார். கட்டுரையைச் சொன்னேன். கேமையும் சொன்னேன்.

"அந்தக் கோபுரத்துல ஏறினா நெட்வொர்க் வருமா?" என்றார்.

வராது, ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான் என்றேன்.

"ஊர் எங்க இருக்குன்னு கீழ யாரையாவது கேட்டாப் போதுமே மச்சான். பெம்பாக்காரனுக்குத்தான் எதைக் கண்டாலும் ஏறணும். குரங்கு தின்னு தின்னு அந்தப் புத்தி."

ஏணியைப் பிடித்து ஏறினேன். உச்சியில் பார்த்தால், தட்டு ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள் இணைப்பு காற்றில் ஆடி ஆடிக் கழன்றிருக்கிறது. மூன்று சுற்றுத் திருகினால் முடிந்தது வேலை. ஒரு சுற்றுத் திருகியபோது கீழே அந்த மனிதர் வருவதைப் பார்த்தேன்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேர் தெரியாது, முகம் தெரியாது; மேலிருந்து பார்த்தால் தொப்பியும் சைக்கிளும்தான். குன்றுக்குக் கிழக்கே ஒரு வீடு கட்டுகிறார். போன செப்டம்பரில் நான் ஏறியபோது செங்கல் சூளை புகைந்துகொண்டிருந்தது. அக்டோபரில் நாலு சுவர். ஜனவரி மழையில் ஒரு சுவர் கரைந்து போனதைப் பார்த்து, நான் இங்கே தொங்கிக்கொண்டே "அடடா" என்றேன். ஏப்ரலில் அந்தச் சுவர் திரும்ப நின்றது. மே மாதம் ஒரு கதவைச் சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு போனார்; எதிரே வந்த ஆடுகளெல்லாம் கதவுக்கு வழிவிட்டன. ஜூனில் ஜன்னல். கூரை மட்டும் பாக்கி. அந்தத் திங்கட்கிழமை வருகிறார், சைக்கிளில் கூரைத் தகடுகளைக் கட்டிக்கொண்டு. ஜூலைக் காற்று தெரியுமே. தகடு பாயைப் போல விரிந்து அவரைச் சைக்கிளோடு திருப்பி வந்த வழிக்கே கொண்டுபோகிறது. இறங்கினார், தகட்டை மிதித்தார், மறுபடி கட்டினார், மறுபடி காற்று திருப்பியது. மூன்றாம் தடவை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். நான் திருகுக் குறட்டைப் பிடித்தபடி அவர் மறுபக்கம் வெளியே வருவாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் கீழே முக்காலியில் காத்துக்கொண்டிருக்கும் கடிதம் ஞாபகம் வந்தது. அது போய்விட்டால் இந்தக் கூரை ஏறியதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

தாங்கள் படித்தவர், "எழுதிய ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்பீர்கள். ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இது நாலாவது ராஜினாமா. முதலாவது போன ஆகஸ்டில் தேனீ கொட்டிய அன்று. அடுத்த இரண்டும் டீசல் தொடர்பானவை. மூன்றாவதை மேசையில் போட்டுவிட்டு முபிதா மேடம் சொன்னார், "இன்னொரு தடவை இது வந்துச்சுன்னா நான் படிக்க மாட்டேன், நேரா லுசாக்கா தலைமை ஆபீசுக்குத்தான் போகும்." அவர் சொன்னதைச் செய்பவர். லுசாக்காவில் என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரியாதவனை அனுப்பிவைக்க ஒரு கையெழுத்துப் போதும்.

கீழே பார்த்துக் கத்தினேன். "ஜெரே, அந்தப் போனை அணைச்சிருங்க."

காற்று இருந்தும் அவருக்கு நன்றாகவே கேட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "மேல நான் இருக்கும்போது கீழ எதையும் தொடாதே, நானே கத்தினாலும் தொடாதேன்னு யார் சொன்னது?"

நான்தான் சொன்னேன். வேறொரு காவலர் உதவி செய்வதாக நினைத்து சுவிட்சைப் போட்டு என்னை விதும்புவாவாக்கப் பார்த்த நாளிலிருந்து நாற்பத்தொரு காவலர்களுக்கும் அதுதான் என் சட்டம். இது போன்தானே, சுவிட்ச் இல்லையே என்றேன். இது உயிர் போகிற விஷயம் என்றேன்.

"போன மாசம் சிங்கம் வருதுன்னு கத்துனியே மச்சான், அதுவும் உயிர் போற விஷயந்தான். நான் போய் டீசல் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சேன். நீ மேல சிரிச்சுக்கிட்டிருந்தே. முறைக்காரன் சொல்றது உத்தரவா கேலியான்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கறது? இறங்கி வந்து சொல்லு."

இப்படிப்பட்ட இனத்தோடு எங்கள் பாட்டன்மார் சமாதானம் செய்துகொண்டார்கள். வேறு வழியில்லாமல் இறங்கத் தொடங்கினேன். இறங்கிப் போனை அணைத்துவிட்டு மறுபடி ஏறி மிச்சம் இரண்டு சுற்றையும் திருகிவிடலாம், முழங்கால் போனால் போகட்டும் என்று கணக்கு. பத்து மீட்டர்கூட இறங்கியிருக்க மாட்டேன், கூரைத் தகட்டுக்காரரைப் பிடித்துச் சுற்றிய அதே காற்று மேலே வந்து, அரைகுறையாகத் திருகியிருந்த கேபிளை அதன் இடத்தில் அழுத்தி வைத்தது. ஐந்து வருஷத்தில் தானாகச் சரியான ஒரே கோபுரம் இதுதான்.

கீழே ஒரு சத்தம். ஜெரே முக்காலியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டு கைகளை உயர்த்திக் காட்டினார். "உன் போன் டிங்னுச்சு. நான் தொடலை."

பிறகென்ன, திரும்ப ஏறி மிச்சம் இரண்டு சுற்றையும் திருகினேன். பதினோரு ஊரின் பேச்சு அந்தக் கேபிளில் இருக்கிறது, என் துக்கத்துக்காக அதைத் தொங்கவிட முடியாது. இறங்கி வந்து ஜெரேயிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, சாவு வீட்டிலும் கேலி பேசும் முறைக்காரனைப் போல என் போனைச் சாக்கால் மூடி, பக்கத்தில் உட்கார்ந்து, "நல்ல மனுஷன், நிறையக் குரங்கு தின்னான்" என்று ஒப்பாரி வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை பதில் இல்லை. புதன் இல்லை. வியாழன் முப்பத்தோராம் கோபுரத்தின் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, இனி இந்தச் சனியனை வேறொருவன் திறப்பான் என்று நினைத்து அந்தப் பூட்டின் மேல் எனக்கு அன்பு வந்துவிட்டது. அவ்வளவு மோசமான நிலை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேடம் கூப்பிட்டார்.

"கசோன்டே, உன் கடிதம் லுசாக்கால இருந்து திரும்பி வந்திருச்சு."

ஏன் மேடம் என்றேன்.

"தேதி போன ஆகஸ்ட் பதினாலுன்னு போட்டிருக்கு. அன்னைக்கே வேலையை விட்டவனுக்கு அதுக்கப்புறம் பதினோரு மாசம் எப்படிச் சம்பளம் போச்சுன்னு கேக்குறாங்க. செல்லாதாம். புதுசா எழுதித் தரணுமாம். எழுதப் போறியா, வேலைக்குப் போறியா?"

வேலைக்குப் போகிறேன் என்றேன்.

"டீசல் அறிக்கையும் இந்த மாதிரி பழசையே எடுத்துத்தான் அனுப்புறே. அதுலயாவது தேதியை மாத்து" என்று வைத்துவிட்டார்.

ஆசிரியர் அவர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். தேனீ கொட்டிய அன்று எழுதிய அதே கடிதத்தை, ஒரு எழுத்தும் மாற்றாமல், நாலு தடவை அனுப்பியவன் நான். ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதும் ஆளாக இருந்திருந்தால் இன்று எனக்கு வேலை இல்லை. செய்ததையே திரும்பச் செய்வது அலுப்பு என்று தாங்கள் அரைப் பக்கம் எழுதினீர்கள். என்னைக் காப்பாற்றியது அதுதான். அன்று சாயங்காலம் இரண்டு தட்டு ந்ஷிமா சாப்பிட்டேன். நாலு நாளில் அதுதான் ருசித்த முதல் சாப்பாடு.

கேம் விஷயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தங்கள் குறை விளையாட்டில் இல்லை, தாங்கள் விளையாடிய முறையில் இருக்கிறது. வரைபடத்தில் எங்கெல்லாம் குறி மின்னியதோ அங்கெல்லாம் ஓடியிருக்கிறீர்கள். அப்படி ஓடினால் எந்த உலகமும் வேலைப் பட்டியல்தான். அமைப்புகள் பக்கத்தில் ஏழாவது வரியில் குறிகளை அணைக்கும் வசதி இருக்கிறது. கருவியோடு வந்த கையேட்டை ஆசிரியர்கள் படிப்பதில்லை போலும். ஞாயிற்றுக்கிழமை நான் குறிகளை அணைத்துவிட்டு இருபதாவது கோபுரத்தில் ஏறினேன். மேலே போய் எதையும் செய்யவில்லை. கீழே ஒரு செம்படவன் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். மின்சாரம் போகும் வரை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே படகைத்தான் தள்ளினான், உண்மைதான். ஆனால் ஒரு தடவை வழுக்கினான்.

எனவே தாங்கள் அடுத்த இதழில் மறுப்பு வெளியிட வேண்டும்; விதும்புவா எண்ணெய் படாத பக்கமாகப் பார்த்து வெளியிட வேண்டும். என்னைப் பொறுத்தவரை, பழைய ராஜினாமாவைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். இனி என் ஆயுளில் அப்படியொரு கடிதம் எழுத மாட்டேன் என்று இதன் மூலம் எழுத்து மூலமாகவே உறுதி தருகிறேன். தங்கள் துணைவியாருக்கு என் மரியாதை. தங்கள் பிள்ளைகள் நன்றாக வளர்ந்து, உங்கள் இனத்துக்கு முடிந்த உயரம் வரை போகட்டும். தங்கள் வீட்டு எலிப் பொறிகள் என்றும் காலியாக இராதிருக்கட்டும். ஜெரேயும் தங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
நாற்பத்தொரு கோபுரத்துக்குச் சொந்தக்காரன் போல் நடந்துகொள்ளும்,
கசோன்டே சிபுயே.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மேடம் மறுபடி கூப்பிட்டார். அந்தக் கடிதத்தையும், இது நாலாவது என்று மேடம் எழுதிய குறிப்பையும் படித்த லுசாக்கா அதிகாரி ஒருவர், ஒரே வருஷத்தில் நாலு தடவை வேலையை விடத் துணிந்தவனுக்குக் கோபுரம் ஏறுவது எவ்வளவு வேதனையாக இருக்கும் என்று மனமிளகி, ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து என்னைக் கசாமா அலுவலகத்தில் உட்கார வைக்க உத்தரவு போட்டுவிட்டாராம். பதவி உயர்வு. சுழல் நாற்காலி. ஏற வேண்டியதே இல்லை. என் ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது ஏற்கெனவே கட்டி முடித்த சுவர். ஆகையால் இத்துடன் என் புதிய ராஜினாமாக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். முழுக்கப் புதிதாக எழுதியது, தேதியை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். பழக்கமில்லாததால் வாக்கியங்கள் தடுமாறுகின்றன. தாங்கள் எழுத்தாளர், கொஞ்சம் திருத்தி உடனே திருப்பி அனுப்பவும். என்னைக் கோபுரத்திலேயே விட்டால் வேலையை விடமாட்டேன் என்ற இடத்தை மட்டும் அழுத்தமாக்கவும். ஜெரே சொல்கிறார், கூரையில் ஆறு தகடு ஏறிவிட்டதாம், இன்னும் ஆறு பாக்கியாம்.